உடம்பு பூராத் தண்ணி

தசையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. காந்த ஸ்கேனில் அளந்து பழக, டெக்னீஷியனுக்கு ஆரோக்கியமான ஆள் ஒருவர் தேவைப்பட்டார். தன் அக்கா புருஷனையே கூட்டிப் போனான். குடியை விட்டுவிட்டதாக அக்கா தலையில் அடித்து அவர் சத்தியம் செய்திருந்த சமயம். மறுபடி தொட்டால் தாய்வீட்டுக்குப் போய்விடுவதாக அக்காவும் சொல்லியிருந்தாள்.

கெண்டைக்காலில் நூற்றுக்கு எழுபத்தைந்து போல வரவேண்டும். மாமாவுக்கு நூறு வந்தது. கடையில் வாங்கிய கோழிக்காலைத் தம்பி வைத்துப் பார்த்தான். எழுபத்தைந்து. மாமாவை மறுபடி படுக்கவைத்தான். நூறு. எலும்பிலும் நூறு.

"அப்போ எனக்குச் சதையே இல்லையா மாப்ள?"

"மெஷின் அப்படித்தான் சொல்லுது மாமா. உடம்புக்கு என்ன பண்ணுது?"

"பசிக்குது. அவ்ளோதான்."

வீட்டு வாசலிலேயே அக்கா கேட்டாள். "என்னடா வந்துச்சு?"

தம்பிக்குப் பொய் வராது. "உடம்பு பூராத் தண்ணிக்கா."

"எனக்கு அப்பவே தெரியும்!"

"ஐயோ, அந்தத் தண்ணி இல்லக்கா. சாதாரணத் தண்ணி."

"உன் மாமாவுக்கு நீ வக்காலத்து வாங்காத."

அவள் மாமாவின் பக்கம் திரும்பினாள். "உண்மையச் சொல்லுங்க" என்று அவர் கன்னத்தில் விரலால் ஒரு குத்து விட்டாள்.

விரல் பட்ட இடத்தில் ஒரு வட்டம் கிளம்பியது. அதைச் சுற்றி இன்னொன்று. இரண்டும் மூக்கைத் தாண்டி, மறுபக்கக் காதுவரை விரிந்து, மெல்ல அடங்கின. மாமா கண்ணை மூடித் திறந்தார்.

அக்கா தன் விரலைப் பார்த்தாள். ஈரமாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோய் நன்றாக முகர்ந்தாள். ஒரு வாடையும் இல்லை.

"சரி, சாப்பிட வாங்க" என்றாள்.