நடுவில் நின்ற 7x

கரும்பலகையில் x² + 7x + 12 என்று எழுதி முடித்ததுமே நடுவில் நின்ற 7x-க்கு உதறல் எடுத்துவிட்டது. காரணிப்படுத்தச் சொன்னால் முதலில் உடைபடுவது நடு உறுப்புதான்.

"உடைந்தால் அப்புறம் நான் இருப்பேனா, அண்ணே?" என்று சாக்பீஸிடம் கேட்டது.

"கண்ணை மூடிக்கொள்" என்ற சாக்பீஸ், அதை 2x, 5x என்று உடைத்தது.

கடைசியில் நின்ற 12 சிரித்தது. "இரண்டையும் ஐந்தையும் பெருக்கினால் பத்துதானே? என்னைப் பார்த்து உடைக்க வேண்டாமா, மாப்பிள்ளை?"

சாக்பீஸ் அசடு வழிய அழித்துவிட்டு 3x, 4x என்று எழுதியது. 3x போய் x²-உடன் சேர்ந்தது. 4x, 12-உடன் சேர்ந்தது. 7x-க்கு அழுகை முட்டியது.

முதல் ஜோடி பொதுவான x-ஐ வெளியே வைத்தது. இரண்டாவது ஜோடி பொதுவான 4-ஐ வெளியே வைத்தது.

"அங்கே அடைப்புக்குள் என்ன மிச்சம்?" என்றது 3x.

"x + 3. அங்கே?" என்றது 4x.

"அட, இங்கேயும் அதேதான்."

சாக்பீஸ் குஷியாக (x + 3)(x + 4) என்று எழுதி அடிக்கோடு போட்டது. பிறகுதான் அதற்குத் திக்கென்றது. "7x, எங்கேடா போனாய்?"

"இரண்டு அடைப்பு வீட்டிலும் இருக்கிறேன், அண்ணே" என்றது 7x, சிரிப்பை அடக்க முடியாமல். "பெருக்கிப் பார், முழுசாக வந்து நிற்கிறேன்."