சவூதியா, அயர்லாந்தா?

"சவூதி கிடைச்சிடுச்சு அத்தை!"

யுவஸ்ரீ கத்திய கத்தலில், ஏணைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்த பாப்பா ஒருமுறை புரண்டு படுத்தது.

அரக்கோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். நைட் டூட்டி முடித்து ரயிலேறி வந்து, தூக்கத்தைத் தொலைத்துவிட்டுப் படித்த படிப்பு வீண் போகவில்லை. பரீட்சையும் பாஸ், இன்டர்வியூவும் பாஸ். இரண்டே மாதத்தில் விமானம். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கணவன் ராஜீவ் கால் டாக்ஸி டிரைவர். ஊரார் வீட்டு ஆட்களை ஏர்போர்ட்டில் இறக்கிவிட்டே பழகியவன். "இந்தத் தபா நம்ம வூட்டு ஆளு!" என்று வாசலில் நின்ற காரின் ஹாரனை ஆசை தீர அடித்துவிட்டு உள்ளே ஓடிவந்தான்.

"அக்கா! கேட்டுகினியா? ஸ்வீட் இன்னா வாங்கறது சொல்லு!"

அக்கா என்றது அவனைப் பெற்ற எல்லம்மாளை. கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு யுவஸ்ரீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். "மாமனுங்க கூப்டறதைக் கேட்டு அப்டியே பழகிப்போச்சு" என்பான். இந்தப் பக்கம் சில வீடுகளில் அது சகஜம்தான்.

எல்லம்மாளுக்கு மலைக்கோயில் அடிவாரத்தில் கடை. மொட்டை போட்டு வருகிறவர்களுக்குச் சந்தனமும் தொப்பியும் விற்கிறாள். சந்தனம் அப்பிய கையைத் துடைத்தபடி, "அப்போ பாப்பா?" என்றாள்.

"இந்த விசாவுல நான் மட்டும்தான் போக முடியும் அத்தை. பாப்பாவை நீங்க பாத்துக்குங்க. ரெண்டே வருஷம்!"

"என்னால ஆவாது."

ராஜீவ் முதலில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்தினான்.

"இன்னாக்கா? கிருத்திகைக்குக் கிருத்திகை மூச்சு வாங்காம மலைப்படி ஏற்றே. ஒரு கொழந்தைய பாத்துக்க முடியாதா?"

"முடியாதுன்னா வுடு. யுவா, இன்னொரு ஊரு சொன்னியே, அது இன்னா?"

"அயர்லாந்து. அதுல பாப்பா, இவரு எல்லாரும் சேர்ந்தே போகலாம். ஆனா இங்கிலீஷ் பரீட்சை எழுதணும். அங்க நர்ஸா பதிவு பண்ணணும். ஒண்ணரை வருஷம்கூட இழுக்கும் அத்தை. கைக்கு வந்ததை விட்டுட்டு..."

"அதுலயே போ."

ராஜீவுக்குச் சவாரி வந்துவிட்டது. மாமியார் மருமகள் நடுவில் மாட்டாமல் தப்பித்த சந்தோஷத்தில், "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று கிளம்பிவிட்டான்.

சாயங்காலத்துக்குள், சவூதி வேலையைப் பிடித்துக் கொடுத்த ஏஜென்சிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும். யுவஸ்ரீக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் பேத்தியின் பெருமை பேசுகிற மனுஷி! நல்ல காரியம் என்று வரும்போது இப்படியா காலை வாருவது?

"நீங்க மட்டும் குவைத்துக்குப் போகலையா அத்தை? இவரைக் கைக்குழந்தையா உங்கம்மாகிட்ட விட்டுட்டுத்தானே போனீங்க? இந்த வீடே அதுல கட்டினதுதானே? நீங்க போனா சரி, மருமக போனா தப்பா?"

நாக்கைக் கடித்துக்கொள்ளக்கூட இல்லை அவள். கேட்டே விட்டாள்.

எல்லம்மாள் ஏணையை மெதுவாக ஆட்டிவிட்டாள்.

"ரெண்டே வருஷம்னுதான் நானும் போனேன். திரும்பி வர்றதுக்குள்ள இவன் பள்ளிக்கூடம் போய்கினு இருந்தான். பொம்மை, கம்பளி, சாக்லேட்டுன்னு பொட்டி பொட்டியா வாங்கியாந்தேன். எங்கம்மாவைத்தான் அம்மான்னு கூப்டுகினு இருந்தான். என் தம்பிங்க அக்கா அக்கான்னதைக் கேட்டுட்டு, நான் இவனுக்கும் அக்கா ஆயிட்டேன். நாலு நாள்ல மாறிடும்னு நெனச்சேன்."

யுவஸ்ரீ அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"சாப்பிட உக்காந்தோம். எங்கம்மா காதுல போயி கேக்கறான், 'இந்த அக்கா எப்போ அவங்க வூட்டுக்குப் போவும்?'னு."

யுவஸ்ரீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் சந்தன வாசனை.

"நீ படி யுவா. கிளாசுக்குப் போ, பரீட்சை எழுது. கடைய மூடிட்டுகூட பாப்பாவை வெச்சிகினு இருக்கேன். தெனமும் நீ வூட்டுக்கு வந்துடுவே இல்ல? அது போதும்."

"நாங்க எல்லாரும் போயிட்டா நீங்க தனியா..."

"எனக்கின்னா? மலைமேல ஒருத்தன் கீறான்."

போன் அடித்தது. ஏஜென்சிக்காரர்தான்.

"சார், சவூதி வேணாம். அயர்லாந்துக்கு என்னென்ன செய்யணும்னு சொல்லுங்க, இன்னிக்கே ஆரம்பிக்கறேன்." சொல்லும்போதே அவளுக்குள் மறுபடியும் விமானம் கிளம்பிவிட்டது. இந்த முறை ஜன்னல் சீட்டில் பாப்பா.

ஏணைக்குள்ளிருந்து சிணுங்கல் கேட்டது. "அம்மா..."

பழக்கதோஷத்தில் குனிந்த எல்லம்மாள், சட்டென்று நிமிர்ந்து வழிவிட்டாள்.

"போம்மா. உன்னைத்தான் கூப்டுது."