ஜன்னலில் ஈரத்துண்டு

பசுமலை அடிவாரத்து மாடி அறையில், சித்திரை வெயிலுக்குப் பயந்து, ஜன்னலில் ஓர் ஈரத்துண்டு தொங்குகிறது. டிராயிங் மாஸ்டர் பரீட்சைக்குத் தயாராகும் சுருளியும் ஜனகராஜும் சுவரில் மாட்டிய சீமைத் தோட்டப் படத்தைப் பார்த்து வரைகிறார்கள். அதில் ஒரு குளம், இடிந்த வளைவு, மரங்களுக்கு நடுவே மூடுபனி. அப்படியொரு பனியை இருவருமே கண்டதில்லை. ஆனாலும் நனைத்த தாளில் ஜனகராஜ் தொட்டுவைத்த சாம்பல் நீலம், சொன்ன பேச்சுக் கேட்டு, குளத்தின்மேல் மெல்லப் பரவி நிற்கிறது. சாயப்பட்டறைக்காரர் பிள்ளை, நிறம் அவன் கைக்குப் பழக்கம் என்று சுருளி தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்க்கிறான். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. ஜனகராஜின் தாள் இந்த நிமிஷமே காய்ந்தால் பரவுகிற நீலம் திட்டுத்திட்டாக நின்றுவிடும். தன் பனியைப் பாதியில் விட்டுவிட்டுச் சுருளி எழுந்திருக்கிறான்.

“என்னா புழுக்கம், ஜனகு!” என்று துண்டை உருவுகிறான். அனல் காற்று உள்ளே பாய்கிறது; சுவரில் படம் படபடக்கிறது. ஜனகராஜ் தாளின்மேல் புறங்கையை வைத்துப் பார்த்து முகம் மலர்கிறான்.

“நல்ல காரியம் பண்ணீகண்ணே. பனி எப்பவோ படிஞ்சிருச்சு. காயட்டும்னுதான் இம்புட்டு நேரம் சும்மா உக்காந்திருக்கேன்.”

படத்தின் குளக்கரை ரோஜாச் செடிக்காக அவன் சிவப்பைக் குழைக்கத் தொடங்குகிறான். சுருளி தன் பலகைக்குத் திரும்புகிறான். பாதி பூசிய பனி அதற்குள் காய்ந்து, வற்றிய கண்மாய்போல விளிம்பு கட்டியிருக்கிறது. துண்டு இன்னும் அவன் கையில்தான் சொட்டுகிறது.