விடுபட்ட மூன்று மாதம்

"'வடிவமைத்தேன்'னு எழுதியிருக்கீங்க. யார் வடிவமைச்சது? நீங்களா?"

பிரிவுத் தலைவர் போட்ட சத்தம் கண்ணாடிக் கதவைத் தாண்டி வெளியே இருந்தவர்களுக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் போட்டார்.

எதிரே நின்றவளுக்கு நாற்பத்தாறு வயது. அவரைவிட ஏழு வயது மூத்தவள். பதினைந்து வருஷம் அதே அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு மாலைக் கல்லூரியில் படித்துப் பொறியாளர் ஆனாள். அங்கே எல்லாருக்கும் அவள் 'அக்கா'. அவருக்கு மட்டும் 'என்னம்மா'.

கட்டட வரைபடத்தில் தனியாகக் கையெழுத்துப் போட, பொறியாளர் வாரியம் தரும் உரிமம் வேண்டுமானால், உரிமம் உள்ள ஒருவருக்குக் கீழே நாற்பத்தெட்டு மாதம் வேலை பார்த்ததை மாதவாரியாக எழுதி, பக்கத்துக்குப் பக்கம் அவரிடமே ஒப்பம் வாங்க வேண்டும். அவளுக்கு வாய்த்தவர் இவர்.

"நான் சொன்னேன், நீங்க செஞ்சீங்க. அதுக்குப் பேரு உதவி. என்னம்மா, புரியுதா?"

"சரி சார்."

சிவப்புப் பேனா 'வடிவமைத்தேன்' மேல் சரக்கென்று ஓடியது. பக்கத்தில் 'உதவினேன்' என்று எழுதினார்.

"இது என்ன, 'தளத்தை ஆய்வு செய்தேன்'? போய் எட்டிப் பார்த்துட்டு வந்தா ஆய்வா?"

"பதினோரு தடவை போனேன் சார்."

"தபால்காரர் தினமும்தான் போறாரு. அவருக்கும் உரிமம் குடுத்துடலாமா?"

வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவருக்கு உற்சாகம் பிடிபடவில்லை. கோடு போட்டவர்கள் எல்லாம் கட்டடம் கட்டினேன் என்று கிளம்பிவிட்டால் தன்னைப் போன்றவர்கள் எதற்கு என்று நினைத்துக்கொண்டார். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று பேனா மேய்ந்துகொண்டே போனது.

ஓரிடத்தில் நின்றது.

"மார்ச் முடிஞ்சதும் ஜூலை வருது. நடுவுல மூணு மாசம் எங்கம்மா?"

அவள் முதல்முறையாகத் தலை குனிந்தாள். "அதை விட்டுடுங்க சார்."

"விட்டா நாப்பத்தஞ்சுதான் வரும். விண்ணப்பம் வருஷத்துக்கு ஒரு தடவை. வெள்ளிக்கிழமை கடைசி நாள். தெரியுமில்ல?"

"தெரியும் சார். இதுவரைக்கும் உள்ளதுக்கு ஒப்பம் போட்டுக் குடுங்க. மிச்சத்தைச் சேர்த்து அடுத்த வருஷம் அனுப்பிக்கறேன்."

அவருக்கு மூக்கில் வேர்த்தது.

"ஓஹோ! மூணு மாசம் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கியிருக்கீங்க. எழுதினா மாட்டிக்குவோம்னு நைசா தாண்டிட்டீங்க. வாரியத்தை ஏமாத்தறதுக்கு நான் உடந்தையா?"

"அப்படியில்ல சார்..."

"பேசாதீங்க. அந்த மூணு மாசக் கோப்பு வரட்டும். எல்லாரும் பார்க்கட்டும்."

பதிவறைக்கு ஆள் போனது. வந்த கோப்பு அவர் எதிர்பார்த்ததைவிடத் தடிமனாக இருந்தது. எழுந்து நின்றுகொண்டு, வெளியே கேட்கும்படி உரக்கப் படிக்க ஆரம்பித்தார்.

"மருத்துவமனைக் கட்டடம். தரைத்தளத் தூண்கள் ஆறு. மறுகணக்கு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் எடை முதல் கணக்கில்..."

அதற்கு மேல் சத்தம் வரவில்லை. கண் மட்டும் ஓடியது.

'...விடுபட்டிருக்கிறது. இப்போதுள்ள அளவில் இந்தத் தூண்கள் தாங்காது. கான்கிரீட் போடுவதை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.'

கீழே தொண்ணூறு பக்கம். ஒவ்வொரு தூணுக்கும் புதிய கணக்கு, புதிய வரைபடம். எல்லாம் அவள் கையெழுத்து.

முதல் கணக்கைச் செய்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் இருந்தது. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் 'பார்த்தேன்' என்று அவரே எழுதி, ஒப்பமும் போட்டிருந்தார்.

எப்போது பார்த்தார்? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. அவள் திருத்திய அந்தத் தூண்களுக்கு மேலே இப்போது நான்கு மாடி. மாடி நிறைய நோயாளிகள்.

போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை ஏன் எங்கிட்ட சொல்லல?" குரல் இறங்கியிருந்தது.

"சொல்லத்தான் வந்தேன் சார். ஃபோன்ல பேசிட்டிருந்தீங்க. நீங்களே படிக்கணும்னு சொன்னேன். 'வெச்சுட்டுப் போம்மா'ன்னீங்க. மறுநாள் ஒப்பத்தோட திரும்பி வந்துது. படிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன்."

"சரி... இதை எழுதியிருக்கலாமே? மத்த பக்கமெல்லாம் இல்லாட்டியும் இது ஒண்ணே..."

"எழுதினா, என்ன பிழையைத் திருத்தினீங்க, அது யாரோடதுன்னு கேக்கற கட்டத்தையும் நிரப்பணும் சார். உங்க உரிமம் புதுப்பிக்க இந்த மாசம்தான் போயிருக்கு. ரெண்டும் வாரியத்துல ஒரே மேசைக்குத்தான் வரும். உங்களுக்கு எதுக்கு வம்புன்னு விட்டுட்டேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவளைப் பார்த்தார். மேசைமேல் சிவப்புக் கோடுகளாகக் கிடந்த அவள் நான்கு வருஷத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்து, யோசித்து, மறுபடி கீழே வைத்தார்.

பிறகு கோப்பை மூடி, நாடாவை இழுத்து முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டார்.

"உக்காருங்க மேடம், ஏன் நின்னுட்டே இருக்கீங்க?" என்றார். குரலில் அப்படி ஒரு குழைவு. "உங்களுக்கு அப்படி என்ன அவசரம்? நீங்க சொன்ன மாதிரி அடுத்த வருஷமே அனுப்பிக்கலாமே."