திரையில் எழும்பிய கோடு

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் பக்கவாதத்தால் அசைவற்றுக் கிடந்த லூர்துராஜின் தலையில், மூளை இயங்குகிறதா என்று ஒளியால் சோதிக்கும் தொப்பியை மாட்டிப் பார்த்தார் பெரிய டாக்டர். "இவருக்கு ஒண்ணும் கேக்காதும்மா. வெறும் கட்டைதான்" என்று கட்டிலருகிலேயே சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து லூர்துராஜின் மனைவி செலஸ்டின் அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். மகன்கள் அவர் தலைமாட்டில் நின்றே அவருடைய படகுக்காகச் சண்டை போட்டார்கள்.

மழைக்காலம் முடிந்ததும், இரண்டு வகைத் தொப்பிகளை ஒப்பிடும் ஆய்வுக்காகக் கயல்விழி என்ற இளம் டாக்டர் வந்தாள். பழைய தொப்பி, தலைக்குள் பாய்ச்சிய ஒளி எவ்வளவு திரும்பி வருகிறது என்று மட்டும் பார்க்கும். அவள் கொண்டுவந்ததோ, அந்த ஒளி திரும்பிவர எடுக்கும் நேரத்தையும் அளந்து, மண்டையோட்டைத் தாண்டி மூளையைப் படிக்கும். அதை மாட்டியபின் செலஸ்டின் கணவரின் பெயரைச் சொன்னாள். திரையில் கோடு சட்டென்று எழும்பியது.

"அக்கா, இவருக்குக் கேக்குது. இத்தனை நாளும் கேட்டுட்டுதான் இருந்திருப்பாரு."

செலஸ்டினுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நோயாளிகளைப் பார்க்க வந்த பெரிய டாக்டரை வழிமறித்தாள்.

"பழைய மெஷின்மா. அது காட்டினதைத்தான் சொன்னேன்."

"கட்டைன்னு மெஷினா சொல்லிச்சு? அவுக காதுல மன்னிப்புக் கேளுங்க!"

வார்டே பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டர் லூர்துராஜின் காதருகே குனிந்து மன்னிப்புக் கேட்டார். கோடு திரையின் உச்சிக்குப் பாய்ந்தது.

"சந்தோஷப்படுறாரும்மா" என்றார் டாக்டர், நிம்மதியாக.

"நான் அவுகளோட குடும்பம் நடத்துனவ. இது கோவம்" என்றாள் செலஸ்டின். "இதுல பாதி, பேசாம விட்ட என் மேல."