வராத ஒருத்தி

மார்ச் 13, வியாழன். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் தூங்கி, கடைசி நிறுத்தத்தில் போய் இறங்கினேன். வகுப்புக்குப் போகவில்லை. தவறு என்னுடையதுதான்.

டைரியில் இப்படி எழுதியவள், மாலைக் கல்லூரி வயரிங் வகுப்பின் வருகை நோட்டிலும் அதையே எழுதப் போனாள். படிவங்களைப் பார்த்து அலுத்துப்போன முதல்வர், வியாழன்தோறும் அந்த வார வருகையை அவரவரே எழுதட்டும் என்று விட்டிருந்தார்.

"ஏற்கெனவே ரெண்டு நாள் லீவு போட்டிருக்கே. மூணாச்சுன்னா பரீட்சை கிடையாது," என்றார் பக்கத்து பெஞ்சு வெல்டர் அண்ணன். "வந்தேன்னு போடு. யாரு பாக்கப் போறா?"

"நான் வரலைன்னு நீங்க பாத்திருப்பீங்களே அண்ணே."

"நான் எங்க..." என்று இழுத்தவர், "போர்டைத்தானே பாத்துட்டிருந்தேன்," என்றார்.

அவள் 'வரவில்லை' என்றே எழுதினாள்.

அரை மணி நேரத்தில் முதல்வர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் நோட்டு விரிந்திருந்தது.

"முப்பத்திரண்டு பேர்ல நீ ஒருத்திதான் வரலைன்னு எழுதியிருக்கே."

"மன்னிச்சுடுங்க சார். பரீட்சை மட்டும்..."

"நடக்காத வகுப்புக்கு ஏதும்மா லீவு? செவ்வாய்க்கிழமை தண்ணிக்குழாய் வெடிச்சு காலேஜையே பூட்டிட்டேன். வர்றவங்களைத் திருப்பி அனுப்பலாம்னு வாசல்லயே ரெண்டு மணி நேரம் நின்னேன். ஒருத்தரும் வரலை."

நோட்டை அவள் பக்கம் திருப்பினார். கடைசி வரி ஆசிரியருடையது: 'செவ்வாய், இரண்டு மணி நேரம் பாடம் நடத்தினேன். மாணவர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள்.'

"இனிமே நோட்டு உன் பொறுப்பு," என்றார் முதல்வர்.

திரும்பும் பஸ்ஸில் தூங்காமல் உட்கார்ந்து டைரியில் எழுதினாள்: நாளை ஆறு மணிக்கு வருகை எடுக்க வேண்டும். முதலில் ஆசிரியருக்கு.