மீசை இருந்த முகம்

அதிகாரி மறுபடியும் பாஸ்போர்ட்டைத் தூக்கிப் பிடித்தார். படத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

படத்தில் இருப்பவனுக்குத் தலை நிறைய முடி. சும்மா சொல்லக் கூடாது, மீசையும் நல்ல மீசை.

எல்லைச் சாவடிக் கூண்டுக்கு முன்னால், நாடு நாடாக ஓட்டி வந்த சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு இரண்டும் இல்லை. வெயிலிலும் பனிக்காற்றிலும் முகம் வேறு காய்ந்து கறுத்துப்போயிருந்தது.

"இது நீ இல்லை," என்றார், தெரிந்த இங்கிலீஷில்.

"நான்தான் சார்."

விசா இன்றோடு முடிகிறது. சாயங்காலம் கேட்டை மூடிவிட்டால் நாளைக்கு அவன் விசா இல்லாத ஆள். பிடித்து உள்ளே வைத்தாலும் கேட்க நாதி கிடையாது.

கேட்டுக்கு அந்தப் பக்கம் அடுத்த நாடு. கூப்பிடு தூரம்தான்.

"ஏன் மொட்டை?"

சொன்னான். அம்மா செத்துப்போனாள். அவன் ஊரில் கொள்ளி வைக்கிற மகன் தலையை மழிக்க வேண்டும், மீசையையும் எடுக்க வேண்டும். அம்மாவுக்குக் கடைசி மகன்தான் கொள்ளி வைப்பான். கடைசி மகன் அவன்.

"ஊருக்குப் போனாயா?"

"இல்லை."

அதிகாரி பக்கங்களைப் புரட்டினார். போய் வந்த முத்திரை எதுவும் இல்லை.

"பிறகு எதற்கு மொட்டை?"

நல்ல கேள்வி. என்னவென்று சொல்வது?

அம்மா செத்த அன்றைக்கு அவன் பாஸ்போர்ட் அடுத்த நாட்டு விசாவுக்காகத் தூதரகத்துக்குள் கிடந்தது. வாசலில் நின்று கெஞ்சினான். விடுமுறை முடிந்து வா என்றார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் எந்த விமானத்தில் ஏறுவது? அதுவரைக்கும் அம்மாவைப் போட்டு வைத்திருப்பார்களா?

ஊரில் அண்ணன் கொள்ளி வைத்த நேரத்தில் இவன் இங்கே சந்தைக்குள் ஒரு முடிவெட்டும் கடையில் போய்த் தலையைக் குனிந்து உட்கார்ந்தான். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

"வீட்டுக்கு வீடியோ கால் போடு. அவர்கள் பார்த்துச் சொல்லட்டும்," என்றார் அதிகாரி. அந்த மலையில் இவன் போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. தன் போனிலிருந்தே இன்டர்நெட் கொடுத்தார். நல்ல மனுஷன்தான், பாவம். வேலை அப்படி.

வீடு என்றால் இனி அண்ணன் மாயழகு மட்டும்தான்.

அவர் அன்றைக்குச் சொன்னது இன்னும் காதை விட்டுப் போகவில்லை. "பாஸ்போர்ட்டு கைல இல்லையாம்! எவன்ட்டடா கத விடுற? ஊரு சுத்துறதுதான் ஒனக்குப் பெருசு. இனிமே அண்ணேன்னு கூப்புடாத."

அதோடு சரி. எத்தனை தடவை அடித்தும் அவர் எடுக்கவில்லை.

இன்றைக்கு மட்டும் எடுத்துவிடுவாரா?

அடித்தான்.

எடுக்கவில்லை.

பின்னால் லாரிக்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஒரு சிப்பாய் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கி நடந்தான்.

மறுபடியும் அடித்தான். எடுண்ணே. எடுத்துத் திட்டவாவது செய்.

எடுத்தார்.

திட்டத்தான் எடுத்தார். வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அவருக்கும் மொட்டை. மீசை இல்லாத அண்ணனை அவன் பார்த்ததே இல்லை. யாரோ மாதிரி இருந்தார். மண்டையில் அப்போதுதான் முடி லேசாகக் கறுத்திருந்தது.

அண்ணனும் இவன் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இவனுக்கும் அதே அளவுதான் முளைத்திருந்தது.

"அடப்பாவி. அன்னைக்கே எடுத்துட்டியாடா?"

தலையை ஆட்டினான்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். திரையில் ஒரு மொட்டை, எதிரே ஒரு மொட்டை. ஒரே மூக்கு, ஒரே தாடை. அண்ணனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டை இழுத்து முத்திரையைக் குத்தினார்.

"போ, போ. கேட்டை மூடப் போகிறார்கள்."

போனுக்குள் அண்ணன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

கூண்டை விட்டு நாலு எட்டு வைத்தால் இன்டர்நெட் அறுந்துவிடும்.

சிப்பாய் கையைத் தட்டிக் கூப்பிட்டான்.

போனைப் பிடித்தபடியே அவன் சைக்கிளைக் கூண்டுச் சுவரில் சாய்த்து வைத்தான்.